மொழியோடு எந்த மாட்யூலை அனுப்புவது, எதை வெளியே விடுவது?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து, தமிழில் நிரல் எழுதப் பழகும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய நிரல்மொழி செய்திருக்கிறார்கள். பொங்கலுக்கு 1.0 வெளியிட எண்ணம். மொழியைத் தவிர பதினொரு கூடுதல் மாட்யூல்கள் (வேண்டும்போது நிரலில் சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுதிகள்) தயாராக இருக்கின்றன: தமிழ் எழுத்து, ரேண்டம், தேதி, ஜேசான், சிஎஸ்வி (இரண்டும் தரவு எழுதும் வடிவங்கள்), ரீஜெக்ஸ் (உரைக்குள் ஒரு வடிவத்தைத் தேடுவது), எஸ்க்யூலைட் (சின்னத் தரவுத்தளம்), எச்டிடிபி (வலைத்தளங்களோடு பேசுவது), எக்ஸ்எம்எல் (இன்னொரு தரவு வடிவம்), ஆமை வரைகலை (திரையில் ஆமையை நகர்த்திக் கோடு போடுவது), ஆடியோ. நால்வரில் இருவர் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பலாம் என்கிறார்கள். மற்ற இருவருக்கு மொழி மட்டும் போனால் போதும், வேண்டியவர் இறக்கிக்கொள்ளட்டும். "எப்படி அண்ணா முடிவு பண்றது?" என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் ஒரு கட்டடத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஆறு பழைய கணினிகள், எல்லாம் யாரோ கொடுத்தவை. முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் படம் வரையட்டும் என்று பைத்தான் என்ற நிரல்மொழியின் ஆமை மாட்யூலை வைத்துத் தொடங்கினேன். முதல் வரியிலேயே பிழைச் செய்தி: டிகின்டர் என்ற மாட்யூல் இல்லை. திரையில் ஜன்னல் திறப்பது டிகின்டர், ஆமை வரைவதே அதன் மேல்தான். அந்தக் கணினிகளில் இருந்த லினக்ஸில் பைத்தானை உடைத்து உடைத்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கொடுத்திருந்தார்கள், டிகின்டர் அதில் ஒரு பொட்டலம். சரி, தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதில் வேறு ஏதாவது போடலாம் என்று பார்த்தால், சூழல் உருவாக்கும் பகுதியும் வேறொரு பொட்டலம். கட்டடத்தில் இணைய இணைப்பு கிடையாது. என் போனில் நாளைக்கு ஒன்றரை ஜிபி. ஹாட்ஸ்பாட் போட்டு ஜன்னல் ஓரமாகப் போனை வைத்து, ஒவ்வொரு கணினியாக இறக்கி முடிப்பதற்குள் ஒன்றேகால் மணிநேரம் போய்விட்டது. ஏழாவது படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "பைத்தானோடயே வரும்னு சொன்னீங்களே அண்ணா?" அடுத்த வாரம் ஒன்பது பேரில் இரண்டு பேர் வரவில்லை.

"வேண்டியவர் இறக்கிக்கொள்ளட்டும்" என்று உங்களில் இருவர் சொல்லும்போது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது. இறக்கிக்கொள்ள முடிந்தவர்களுக்கு நீங்கள் எதைச் சேர்த்தாலும் விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முடியாதவர்களுக்குத்தான் சேர்ப்பதும் விடுவதும் பொருட்டு. கொருக்குப்பேட்டையில் அக்காவின் பழைய மடிக்கணினியில் பழகும் பையன், நிர்வாகி கடவுச்சொல் இல்லாத பள்ளி ஆய்வகம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது நாள்கணக்கில் கரண்டும் நெட்டும் இல்லாமல் கிடந்த நம் தெருக்கள். எங்கள் பக்கம் விசைப்படகு கிளம்பும்போது ஐஸும் டீசலும் குடிதண்ணீரும் கரையிலேயே ஏற்றிவிடுவார்கள். நடுக்கடலில் கடை கிடையாது.

அதனால் ஒவ்வொரு மாட்யூலையும் எடுத்து "இது பயன்படுமா?" என்று கேட்காதீர்கள். எல்லாமே பயன்படும், அதனால்தானே எழுதினீர்கள். இது இல்லாவிட்டால் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்று கேளுங்கள்.

இனி, எல்லாவற்றையும் சேர்க்கலாம் என்னும் இருவருக்கு. மொழியோடு சேர்த்து ஒரு மாட்யூலை அனுப்பினால், அது அடுத்த ரிலீஸிலும் இருக்கும், அதற்கடுத்ததிலும் இருக்கும் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. போடுவது ஒரு நாள் வேலை. எடுப்பது வருடக்கணக்கு. பேர்ல் மொழியில் சிஜிஐ மாட்யூல் (நிரலை ஓட்டி வலைப்பக்கம் தருவதற்கானது) 1997-இல், 5.004 பதிப்போடு உள்ளே வந்தது. அன்றைக்கு வலைத்தளம் என்றாலே சிஜிஐ என்ற காலம். வெளியே போனது 2015-இல், 5.22 பதிப்பில். நடுவில் வலை எழுதும் முறையே மாறிப்போயிற்று, மாட்யூல் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பைத்தானில், தொகுப்புகளைத் தயாரித்து நிறுவ உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் 2000-இல் நுழைந்து 2023-இல் 3.12 பதிப்பில்தான் வெளியேறியது. பைத்தான் 'பேட்டரியோடு வரும்' மொழி என்று பெயர் வாங்கியது. அந்தப் பேட்டரிகளில் செத்துப்போனவற்றை எடுத்துவிடலாம் என்று கிறிஸ்டியன் ஹைம்ஸும் பிரெட் கேனனும் ஒரு முன்மொழிவு எழுதினார்கள், எண் 594. பேச்சு தொடங்கியது 2019. ஏற்றுக்கொண்டது 2022. பத்தொன்பது மாட்யூல்கள் உண்மையில் வெளியே போனது 2024 அக்டோபரில், 3.13 பதிப்பில். தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் டெல்நெட், சிஜிஐ, பழைய சன் கணினிகளின் ஒலிக்கோப்பு வடிவம், யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்களின் செய்தி இறக்கும் மாட்யூல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அவ்வளவு ஆள்பலம் உள்ள திட்டத்துக்கே ஐந்து வருடம் ஆனது. நீங்கள் நாலு பேர்.

எடுக்க முடியாமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை வைக்க வேண்டிய நிலையும் வரும். பைத்தானில் கட்டளை வரியைப் பிரித்துப் படிக்க கெட்ஆப்ட், ஆப்ட்பார்ஸ், ஆர்க்பார்ஸ் என்று மூன்று மாட்யூல்கள் வரிசையாக வந்தன, மூன்றும் இன்னும் உள்ளே இருக்கின்றன. புதிதாகப் படிக்கிறவருக்கு எதைத் தொடுவது என்றே புரியாது. கோ மொழிக்காரர்கள் 2012-இல் 1.0 வெளியிட்டபோது எதையும் உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள், இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். அதனாலேயே ரேண்டம் மாட்யூலில் ஆரம்பத்தில் செய்த தவறுகளை அங்கேயே திருத்த முடியவில்லை. 2024-இல் அதன் இரண்டாம் பதிப்பைப் பழையதன் பக்கத்திலேயே வைத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வாக்கு என்றால் அதற்கு இதுதான் விலை.

மறுபக்கமும் உண்டு. 2016 மார்ச்சில், ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் பதினோரு வரி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதை எழுதியவர், எல்லோரும் தொகுப்புகளை இறக்கிக்கொள்ளும் இணையக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்களை அன்றைக்குத் தொகுத்து உருவாக்க முடியாமல் போனது. ஜாவாஸ்கிரிப்டின் அடுத்த வருடத் தரப்பதிப்பிலேயே அந்த வசதி மொழிக்குள் வந்துவிட்டது. இத்தனை சின்னதும் இத்தனை பொதுவானதும் மொழிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

உங்கள் நால்வருக்குள் நடக்கும் சண்டையில் ஒரு முடிச்சு இருக்கிறது. பெட்டியில் வைத்துக் கையில் கொடுப்பது ஒரு காரியம். என்றைக்கும் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுப்பது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறீர்கள். புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் மொழியைப் பாருங்கள். அதை இன்ஸ்டால் செய்தால் அடிப்படைத் தொகுப்புகளோடு, லேட்டிஸ், சர்வைவல், மேட்ரிக்ஸ் போன்ற 'பரிந்துரைக்கப்பட்ட' தொகுப்புகளும் கூடவே வந்து இறங்கும். பயன்படுத்துகிறவருக்கு வித்தியாசமே தெரியாது, இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஆனால் அவற்றுக்குத் தனி ஆசிரியர்கள், தனிப் பதிப்பு எண். மொழியின் ரிலீஸுக்குக் காத்திராமல் களஞ்சியத்தில் புதுப்பித்துக்கொண்டே போவார்கள். ரூபி மொழியிலும் இதே ஏற்பாடுதான். சிஎஸ்வி மாட்யூலை 2024 டிசம்பரில் வந்த 3.4 பதிப்பில் இந்த இரண்டாம் அடுக்குக்கு மாற்றினார்கள். முந்தைய பதிப்பிலேயே எச்சரிக்கை கொடுத்தார்கள். கூடவேதான் வருகிறது, மொழியின் தோளில் இல்லை, அவ்வளவுதான்.

நீங்களும் மூன்று அடுக்கு வையுங்கள். மொழியின் உடம்பு, கூடவே வரும் பெட்டி, களஞ்சியம். இனி உங்கள் பதினொன்றையும் பார்க்கிறேன்.

தமிழ் எழுத்து மாட்யூல் உடம்போடு. இதில் மறுபேச்சே வேண்டாம். என் வகுப்பில் ஒரு பையனின் அம்மா மீன் விற்கிறார். அவன் விலைப்பட்டியல் ஒன்று எழுதி அகரவரிசையில் அடுக்கினான். இறால், சங்கரா, சுறா, ஜிலேபி, நெத்திலி, வஞ்சிரம் என்று வந்தது. "ஜிலேபி எப்படி அண்ணா நடுவுல வந்துச்சு?" என்றான். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதே அட்டவணையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற. அதனால் எண் வரிசைப்படி அடுக்கினால் 'மறை' முன்னால் வந்து 'மலர்' பின்னால் போகும். பிள்ளை பள்ளியில் படித்த வரிசைக்கு இது நேர் எதிர். நீளம் கேட்டால் அதற்கும் மேல்: 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும், பெரும்பாலான மொழிகள் ஐந்து என்று சொல்லும், புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால். சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முதலில் வந்து தொங்கும். இன்னொன்று, 'கொடுவா' என்பதில் உள்ள 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்க யூனிகோடில் வழி இருக்கிறது: ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாக, அல்லது கொம்பும் காலுமாக இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் வேறு வேறு. பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் மீனைத் தேடினால் 'இல்லை' என்று வரும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு மொழி செய்துவிட்டு இதைக் களஞ்சியத்தில் போய் எடுத்துக்கொள் என்று சொல்லக் கூடாது. சொல்லப்போனால் இது மாட்யூலாகவே இருக்க வேண்டாம் என்பேன். சரத்தின் நீளம் கேட்டாலே எழுத்து எண்ணிக்கை வர வேண்டும், அடுக்கச் சொன்னாலே அகரவரிசை வர வேண்டும். பைட் கணக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்கட்டும். இதைச் சேர்ப்பதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. தமிழ் அகரவரிசை அடுத்த வருடம் மாறப்போவதில்லை. கொடுத்த வாக்கைச் சிரமமில்லாமல் காப்பாற்றலாம்.

ரேண்டம் உடம்போடு. பகடையும் எண் யூகிக்கும் விளையாட்டும் இல்லாமல் முதல் மாத வகுப்பே கிடையாது. ஒன்று மட்டும் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள்: இதைக் கடவுச்சொல் உண்டாக்கப் பயன்படுத்தக் கூடாது. பைத்தானில் இந்தக் குழப்பம் வருடக்கணக்கில் இருந்து, கடைசியில் 2016-இல் அதற்கென்றே சீக்ரெட்ஸ் என்ற மாட்யூலைத் தனியாக வைத்தார்கள்.

தேதியில் பாதியை உள்ளே வையுங்கள், பாதியை வெளியே விடுங்கள். நாள் கூட்டுவது, கழிப்பது, கிழமை கண்டுபிடிப்பது எல்லாம் மாறாத கணக்கு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை என்றைக்கு முடியும் என்று ஒரு பிள்ளை கணக்குப் போட இது போதும். நேர வலயத் தரவு அப்படியில்லை. ஏதோ ஒரு நாட்டு அரசு முடிவெடுத்தால் மாறும், வருடத்தில் பல முறை புதுப்பிப்பு வரும். பைத்தான் 2020-இல் நேர வலய மாட்யூலை உள்ளே சேர்த்தபோது நிரலை மட்டும் சேர்த்தது. தரவை இயங்குதளத்திடம் வாங்கிக்கொள்ளும், அங்கே இல்லையென்றால் வெளியே தனித் தொகுப்பு இருக்கிறது. மெதுவாக மாறுவதையும் வேகமாக மாறுவதையும் ஒரே கயிற்றில் கட்டாமல் விட்டார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நான் பார்த்த முடிவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஜேசான் உடம்போடு போகலாம். வடிவம் உறைந்துவிட்டது, நிரலும் சின்னது. யார் எழுதிய நிரல், என்ன உரிமம் என்று மட்டும் பாருங்கள். வலைத்தளங்கள் எழுதும் பிஎச்பி மொழியில் ஆரம்பத்தில் இருந்த ஜேசான் நிரலின் உரிமத்தில் "நல்லதுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், தீயதுக்குக் கூடாது" என்று ஒரு வரி இருந்தது. படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பயன்பாட்டுக்குப் போடும் கட்டுப்பாடு. கட்டற்ற மென்பொருள் மட்டுமே எடுத்துக்கொள்ளும் லினக்ஸ் விநியோகங்கள் அதை ஏற்க முடியாமல் மாற்று நிரல் வைத்தன. கடைசியில் 2015-இல் பிஎச்பி 7.0 வந்தபோது புதிதாக எழுதிய நிரல் அந்த இடத்துக்கு வந்தது. உங்கள் ஜேசான் நிரலில் எங்கிருந்தாவது எடுத்த கோப்பு இருந்தால் அதன் தலைப்பக்கத்தை இன்றைக்கே திறந்து படியுங்கள்.

சிஎஸ்வி, எஸ்க்யூலைட் இரண்டும் பெட்டியில். சிஎஸ்வி பார்க்க எளிது, உள்ளே மேற்கோள்குறி, வரி உடைப்பு, எக்செல் செய்யும் வேலைகள் என்று திருத்தம் வந்துகொண்டே இருக்கும். அதனால் தனிப் பதிப்பு எண் இருந்தால் நல்லது. எஸ்க்யூலைட்டுக்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு கிடையாது, ஒரு எம்பிக்குள் அடங்கும், 2050 வரை ஆதரவு தருவதாக அவர்களே அறிவித்திருக்கிறார்கள். இப்படி ஒரு துணை கிடைப்பது அபூர்வம்.

ரீஜெக்ஸ் களஞ்சியத்துக்கு. நீங்களே ஒரு ரீஜெக்ஸ் எஞ்சின் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள், உழைப்பு பெரியது. ஆனால் அதில் 'ஏதாவது ஒரு எழுத்து' என்பதைக் குறிக்கும் முற்றுப்புள்ளி ஒரு யூனிகோடு குறியீட்டை மட்டும் பிடிக்கிறது. உங்கள் மொழியிலோ ஒரு எழுத்து என்றால் முழு எழுத்து. இந்த முரண்பாட்டோடு 1.0-இல் போட்டுவிட்டால் பிறகு திருத்தவே முடியாது. தீர்த்துவிட்டு 1.2-இல் கொண்டுவாருங்கள்.

எச்டிடிபி-யைப் பொது மாட்யூலாகக் கொடுக்காதீர்கள். களஞ்சியத்திலிருந்து இறக்கும் கருவிக்கு அது வேண்டும், அதற்கு மட்டும் உள்ளே மறைத்து வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் கொண்டுவரும் கருவி கட்டாயம் கூடவே வர வேண்டும். பைத்தான் 2014-இல் பிப் என்ற இறக்கும் கருவியைச் சேர்த்து அனுப்பத் தொடங்கியது அந்தக் காரணத்துக்காகத்தான். பாதுகாப்பான இணைப்புக்கான லைப்ரரியை உங்கள் பொதியில் பிரதி எடுத்து வைத்தால், அதில் வரும் ஒவ்வொரு ஓட்டைக்கும் நீங்கள் புது ரிலீஸ் விட வேண்டும். இயங்குதளத்தில் இருப்பதையே பயன்படுத்துங்கள். பைத்தானின் சொந்த ஆவணமே, எளிதாக எச்டிடிபி பேச ரிக்வெஸ்ட்ஸ் என்ற வெளித் தொகுப்பைப் பயன்படுத்தச் சொல்கிறது. அவ்வளவு பேர் பயன்படுத்தும் தொகுப்பு இன்றும் உள்ளே சேர்க்கப்படவில்லை. டாம்ல் என்ற அமைப்புக் கோப்பு வடிவத்துக்கு 2022-இல் பைத்தானில் மாட்யூல் சேர்த்தபோதும் படிக்கும் பாதியை மட்டும்தான் சேர்த்தார்கள். எழுதும் பாதியில் எந்த நடையில் எழுதுவது என்று தீர்மானமாகாத கேள்விகள் இருந்தன. பாதியோடு நிறுத்திக்கொள்வது தவறே இல்லை.

எக்ஸ்எம்எல், ஆடியோ இரண்டும் களஞ்சியத்துக்கே போகட்டும். பிள்ளைகளுக்கு எக்ஸ்எம்எல் வேண்டாம். ஆடியோ இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு. பைத்தான் எடுத்த பத்தொன்பதில் ஒலி சார்ந்தவை கணிசம்.

ஆமை வரைகலைதான் கஷ்டமானது. திரை ஜன்னல் திறக்கும் எந்த நிரலும் விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி உடையும். பராமரிப்பு என்று மட்டும் பார்த்தால் வெளியே விடச் சொல்வேன். ஆனால் கோடு நகர்வதைக் கண்ணால் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பிள்ளை அடுத்த வாரமும் வருகிறது. பெட்டியில் வையுங்கள். ஜன்னல் திறக்க முடியாத இடத்தில் அது படத்தை ஒரு எஸ்விஜி கோப்பாக எழுதிவிடட்டும், எந்த உலாவியிலும் திறந்து பார்க்கலாம். எந்தக் கணினியிலும் 'இல்லை' என்ற செய்தி மட்டும் வரக் கூடாது.

பெட்டியில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் நால்வரில் இரண்டு பேர் பெயர் எழுதுங்கள். ஒருவருக்கு வேலை பெங்களூரில் கிடைத்துவிடும், ஒருவருக்குக் குழந்தை பிறக்கும். ஆள் இல்லாத நிரல் என்ன ஆகும் என்பதற்கு பிஎச்பி-யின் எம்கிரிப்ட் இருக்கிறது. அதன் அடியில் இருந்த லைப்ரரியில் 2007-க்குப் பிறகு வேலையே நடக்கவில்லை. பிஎச்பி-யின் பொதியிலிருந்து அது போனது 2017-இல், 7.2 பதிப்பில். அதுவும் மறைகுறியாக்கம் செய்கிற நிரல். இரண்டு பெயர் கிடைக்காத மாட்யூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் களஞ்சியத்துக்குத்தான்.

அப்புறம், ரிலீஸ் குறிப்பில் எந்த மாட்யூல் எந்த அடுக்கு என்று வெளிப்படையாக எழுதுங்கள். பெட்டியில் இருப்பது பின்னால் களஞ்சியத்துக்குப் போகலாம், போவதென்றால் இரண்டு ரிலீஸுக்கு முன்பே சொல்வோம் என்றும் எழுதுங்கள். லினக்ஸ் விநியோகங்களில் யாராவது உங்கள் மொழியை எடுத்துப் பொட்டலம் போட்டால், உடம்பையும் பெட்டியையும் பிரிக்காமல் ஒன்றாகவே கொடுக்கும்படி அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு மாட்யூல் இல்லாத கணினியில் வரும் பிழைச் செய்தியும் தமிழில் இருக்கட்டும்: எது இல்லை, எந்தக் கட்டளை போட்டால் வரும், இணையம் இல்லையென்றால் பென்டிரைவிலிருந்து எப்படிப் போடுவது என்று மூன்று வரி.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு பென்டிரைவோடு காசிமேட்டுக்கு வாருங்கள். ஆறு கணினியும் காத்திருக்கும், ஆறாவதில் இரண்டு ஜிபி ரேம்தான், அதில்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். போன்களை எல்லாம் ஃபிளைட் மோடில் வைத்துவிடுவோம். அந்த ஏழாம் வகுப்புப் பெண் இன்னும் வருகிறாள். விசைப்பலகையை அவளிடம் கொடுத்துவிட்டு நாம் பின்னால் நிற்கலாம்.